நிமிர்ந்த முதுகு

(செவிலிமேட்டில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றியும், கூட்டுறவைப் பற்றியும், பட்டு நூலின் விலையைப் பற்றியும் இம்மேடையில் அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கின்றீர்கள். இன்று யாம் எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றை நோக்கச் சிறிதாகத் தோன்றலாம். நம்முடைய முதுகைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவே எழுந்து நிற்கின்றோம். பிறர் முதுகுக்குப் பின்னே பேசுதல் பெருங்குற்றம் என்று பெரியோர் கூறுவர்; முதுகைப் பற்றியே முகத்துக்கு நேரே பேசுதல் குற்றமாகாது என்னும் தைரியத்தால் தொடங்குகின்றோம். பொறுத்துக் கேட்டருள வேண்டும்.

எமது தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். கோர்வைச் சேலை நெய்வதில் அவருக்கு நிகர் அவரே என்று ஊரார் சொல்வர். யாம் சிறு பிள்ளையாய் இருந்த காலத்தில் அவர் தறியில் பக்கநாடா தள்ளப் போவதுண்டு. பிள்ளைகளைத் தறியில் உட்காரவைத்த அவ்வழக்கம் தவறானது. அது ஒழிய வேண்டுவதே முறை. அப்பெரியவருக்கு அறுபது வயது நிரம்புமுன் முதுகு வில்லாக வளைந்துவிட்டது. உற்சவ காலத்தில் சுவாமி தெருவில் எழுந்தருளும்போது எல்லோரும் தலை நிமிர்ந்து கைகூப்பி நிற்பார்கள். அவரோ பேரனுடைய தோளைப் பற்றிக்கொண்டு நிற்பார். அவர் கண்ணுக்குத் தெரிந்தவை வாகனம் சுமப்போருடைய பாதங்களே. சுவாமி போன பின்பு, "இன்றைக்கு என்ன அலங்காரம்?" என்று பேரனைக் கேட்பார். அக்கேள்வியை யாம் இன்றளவும் மறந்தோமில்லை.

அன்று தோள் கொடுத்த பேரன் இக்குலத்துப் பிள்ளைகள் பலரையும் போலத் தறியை விட்டுப் படித்தான். சென்னையில் ஒரு காரியாலயத்தில் கணினியின் முன் அமரும் உத்தியோகம் பெற்றான். "பாட்டனாருக்கு வந்தது எனக்கு வராது" என்று அவன் சொன்னதுண்டு. அவனை அண்மையில் கண்டோம். வயது இருபத்தேழு. தலை தோளுக்கு முன்னே நீண்டு, தோள்கள் உள்ளே சுருங்கி, கழுத்தைத் திருப்பவும் மாட்டாதவனாய் இருந்தான். பாட்டன் குழித்தறியில் பெற்றதைப் பேரன் மேஜையில் பெற்றான். ஆகவே குற்றம் தறியின் மேலது மட்டும் அன்று. மேஜையின் மேலது மட்டும் அன்று. அசையாது ஓரிடத்தில் குனிந்திருக்கும் வழக்கமும், அதனைத் தாங்கும் வலிமையைத் தேகத்துக்குத் தேடிக்கொடாத நமது அசட்டையுமே குற்றம். இதுவே யாம் இன்று சொல்ல வந்தது.

இரண்டு இருக்கைகளையும் சற்று ஒப்பிட்டு நோக்குவோம். குழித்தறியில் நெய்பவர் குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு, மிதிபலகைகளை மாறி மாறி மிதிக்கின்றார். கைகள் முன்னே நீள்கின்றன. கரையும் உடலும் சேரும் கோர்வையைக் கவனிக்கக் கண் படமரத்துக்கு மேலே குனிகின்றது. மேஜையில் அமர்ந்தவருக்கும் இதே நிலைதான். கைகள் விசைப்பலகையின்மேல் நீள்கின்றன. கண் திரையை நாடித் தலையை முன்னே இழுக்கின்றது. நெசவாளருக்குக் காலாவது அசைகின்றது. மேஜைக்காரருக்கு அதுவும் இல்லை. வேலை முடிந்தபின் கைப்பேசியை மடியில் வைத்து மீண்டும் குனிகின்றோம்.

மனிதனுடைய தலை ஏறக்குறைய 4.5 முதல் 5 கிலோ எடையுடையது. அது தோள்களுக்கு நேர்மேலே நிற்கும்போது முதுகெலும்பே பெரும்பாலும் அதனைச் சுமக்கின்றது. முன்னே சாயச் சாயப் பின்கழுத்துத் தசைகள் அதனை இழுத்துப் பிடிக்க வேண்டியதாகின்றது. நீர் நிறைந்த குடத்தை இடுப்போடு அணைத்துப் பிடிப்பதற்கும், கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தாய்மார்கள் நன்கு அறிவார்கள். குடத்தின் எடை ஒன்றே. நீட்டிய கைக்கு அது பன்மடங்காகின்றது. கழுத்துக்கும் அவ்வாறே.

நமக்குப் பாவைக் கொண்டு சொன்னால் எளிதில் விளங்கும். பாவின் இழைகள் ஒரு பக்கம் இறுகி, ஒரு பக்கம் தளர்ந்து நின்றால் துணி எங்ஙனம் நேராக வரும்? நெய்பவன் எவ்வளவு கெட்டிக்காரனாயினும் சேலை கோணும். நீண்ட நாள் குனிந்திருப்பவர் தேகத்தில் மார்பின் தசைகளும், தொடையின் முன்புறத் தசைகளும் இறுகுகின்றன. தோட்பட்டைகளுக்கு நடுவிலுள்ளவையும், கழுத்தின் உட்தசைகளும், வயிற்றுத் தசைகளும், பிருஷ்டத் தசைகளும் வலிமை குறைகின்றன. இறுகியதை நீட்ட வேண்டும். தளர்ந்ததை வலுப்படுத்த வேண்டும். அதைச் செய்யாமல், "நிமிர்ந்து உட்கார்!" என்று பிள்ளையை அதட்டுவது, பாவைச் சரிசெய்யாமல் சேலையை அதட்டுவதற்கு ஒப்பாகும். பிள்ளை இரண்டு நிமிஷம் நிமிர்ந்திருப்பான். பிறகு சோர்ந்து பழையபடி குனிவான். அவனிடம் கீழ்ப்படிதல் இல்லாமல் இல்லை. தாங்கும் பலம் இல்லை.

இங்கே உண்மை ஒன்றை ஒளியாது சொல்லல் கடமை. வளைந்தவரெல்லாம் நோவுறுவாரல்லர், நிமிர்ந்தவரெல்லாம் நோவின்றி இருப்பாருமல்லர். எல்லோர்க்கும் பொருந்தும் ஒரே இருக்கை முறை உண்டென்று இக்கால வைத்தியர் சொல்வதில்லை. எவ்வளவு நல்ல இருக்கையும் மணிக்கணக்கில் மாறாது இருந்தால் தீதாகின்றது என்பதும், வலிமையுள்ள தேகம் பல இருக்கைகளைப் பொறுக்கும் என்பதுமே அவர்கள் கூற்று.

தொழிலால் வரும் நோயை உலகம் நேற்றுக் கண்டுபிடித்ததன்று. இத்தாலி தேசத்து வைத்தியரான பெர்னார்தினோ ராமஸ்ஸினி என்பவர் தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியைக் கேட்கும் கேள்விகளோடு "உன் தொழில் யாது?" என்பதனையும் வைத்தியர் கேட்க வேண்டும் என்று முறை வகுத்தவர் அவர். 1713-ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் எழுத்தரைப் பற்றியும் நெசவாளரைப் பற்றியும் அதிகாரங்கள் சேர்த்தார். இடையறாது அமர்ந்திருத்தல், கை ஒரே விதமாய் ஓயாது அசைதல், மனம் ஊன்றி நிற்றல் ஆகிய மூன்றையும் எழுத்தரின் நோய்க்குக் காரணமாக எடுத்துக் காட்டினார். முன்னூறு ஆண்டுகளுக்கு முன்னே தறியையும் மேஜையையும் ஒரே நூலில் சேர்த்து வைத்த அவரது கூர்மையை வியவாதிருத்தல் இயலாது.

பரிகாரத்துக்கு வருவோம். டென்மார்க் தேசத்தில் கழுத்து, தோள் நோவால் அடிக்கடி வருந்திய காரியாலய ஊழியர் 198 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தி 2011-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். ஒரு சாரார் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு இரண்டே நிமிஷம், ரப்பர்க் கயிற்றைக் காலால் மிதித்துக் கைகளைத் தோளளவு உயர்த்தும் பயிற்சி செய்தனர். மற்றொரு சாரார் அதனையே பன்னிரண்டு நிமிஷம் செய்தனர். மூன்றாம் சாரார் பயிற்சி செய்யவில்லை. பத்து வாரம் சென்றபின் பயிற்சி செய்த இரு சாராருக்கும் நோவு குறைந்திருந்தது. இரண்டு நிமிஷம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகள், வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பும், வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கின்றன.

வெளிநாட்டைச் சொல்லிவிட்டு நம்மவரைச் சொல்லாது விடலாமா? நம் பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த கூடுவாஞ்சேரியில் 1911-ஆம் ஆண்டில் நெசவாளர் குடும்பமொன்றில் பிறந்தவர் வேதாத்திரி மகரிஷி அவர்கள். தாமும் இளமையில் தறியில் நெய்தவர். கைப்பயிற்சி, கால் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, கண் பயிற்சி, மகராசனம் முதலியவற்றைக் கோவையாக்கி, முதியோரும் செய்யத்தக்க எளிய முறை உடற்பயிற்சியை வகுத்தார். 2006-ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்பும் எத்தனையோ ஊர்களில் மன்றங்கள் அதனைக் கற்பித்து வருகின்றன. தறிக்குழியிலிருந்து எழுந்த ஒருவர் பிறருக்குத் தேகப்பயிற்சி கற்பித்தார் என்பது நமக்குப் பெருமை மட்டும் அன்று, ஒரு நினைவூட்டலுமாம். அத்தகைய அசைவுப் பயிற்சிகளோடு, சிறிது பாரத்தை எதிர்த்துச் செய்யும் பலப் பயிற்சியும் சேருமாயின் மிக நன்று.

இனி, வீட்டில் உள்ள பொருள்களைக் கொண்டே செய்யக்கூடிய ஏழு பயிற்சிகளைச் சொல்லுகின்றோம்.

முதலாவது, தாடையைப் பின்னே ஒடுக்குதல். நேரே பார்த்து, தலையைக் குனியாமலும் நிமிர்த்தாமலும், தாடையை மட்டும் பின்னே இழுத்து ஐந்து எண்ணும் வரை நிறுத்துக. பத்து முறை செய்க. இரட்டைத் தாடை விழும், பிறர் நகைப்பர், அதனைப் பொருட்படுத்த வேண்டா.

இரண்டாவது, நிலைப்படியில் மார்பை விரித்தல். வாசற்காலின் இருபுறமும் முழங்கைகளைத் தோளளவில் ஊன்றி, ஒரு காலை முன்வைத்து மார்பை முன்னே செலுத்துக. முப்பது எண்ணும் வரை நின்று, மூன்று முறை செய்க.

மூன்றாவது, தொடையின் முன்புறத்தை நீட்டுதல். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்றொரு காலை முன்னே மடக்கி வைத்து, இடுப்பை மெல்ல முன்னே தள்ளுக. பக்கத்துக்கு முப்பது எண்ணிக்கை. நாள் முழுவதும் மடங்கிக் கிடந்த தொடைக்கு இது பேருபகாரம்.

நான்காவது, தூக்குவாளி இழுத்தல். தூக்குவாளியில் தண்ணீர் நிரப்பி, ஒரு கையைத் திண்ணையில் ஊன்றி, இடுப்பளவில் முன்சாய்ந்து, மறு கையால் வாளியை இடுப்பு வரை இழுத்து இறக்குக. தோட்பட்டை முதுகெலும்பை நோக்கிச் செல்ல வேண்டும். பக்கத்துக்குப் பத்து முறை, இரண்டு சுற்று. எளிதானவுடன் தண்ணீரைக் கூட்டுக.

ஐந்தாவது, கை உயர்த்தல். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள் இரண்டை இரு கைகளிலும் பற்றி, பக்கவாட்டில் சற்று முன்னாகத் தோளளவு உயர்த்தி இறக்குக. டென்மார்க்கார் செய்தது இதன் இனமே.

ஆறாவது, நான்கு காலில் நிற்றல். கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, வலக் கையையும் இடக் காலையும் நேரே நீட்டி ஐந்து எண்ணுக. பின்பு மாற்றுக. இடுப்பு ஆடலாகாது. இது நடுமுதுகைத் தூண்போல் உறுதிப்படுத்தும்.

ஏழாவது, நம் முன்னோர் கோதாவில் செய்த பஸ்கியும் தண்டாலும். தரையில் தண்டால் எடுக்க மாட்டாதவர் சுவரில் கையூன்றிச் செய்க. பஸ்கி எடுக்க முழங்கால் இடங்கொடாதவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலும் போதும்.

நீட்டும் பயிற்சிகளை நாள்தோறும் செய்யலாம். பலப் பயிற்சிகளை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தல் நலம். எல்லாம் சேர்த்து இருபது நிமிஷத்துக்கு மேற்படாது. முதல் வாரத்தில் தசை சிறிது நோகும், அஃது இயல்பு. ஆனால் காலுக்கோ கைக்கோ பாயும் நோவு பயிற்சியால் அதிகப்பட்டால் அதனை உடனே நிறுத்துக. கையிலோ காலிலோ மரத்துப்போதல், பலக்குறைவு, மலசலம் கட்டுப்படாமை, காய்ச்சலோடு கூடிய முதுகு நோவு, காரணமின்றி உடல் மெலிதல் ஆகிய குறிகள் கண்டால் பயிற்சியையும் தைலத்தையும் நம்பி வீட்டில் இராமல் வைத்தியரிடம் செல்லுக. அரசினர் ஆஸ்பத்திரிக்குப் போவதில் நாணம் ஒன்றுமில்லை.

பயிற்சியோடு இருக்கையையும் திருத்த வேண்டும். தறியில் அமரும் பலகை அவரவர் உயரத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும். மேலே ஒரு திண்டு இடுக. போதிய வெளிச்சம் இல்லாமையால் குனிவோர் பலர். விளக்கைத் தலைக்கு மேலே பக்கவாட்டில் அமைத்துக்கொள்ளுக. நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் மற்றொன்றும் கருத வேண்டும். வெள்ளெழுத்து வந்ததை ஒப்புக்கொள்ள மனமின்றி, ஜரிகையை மூக்கருகே வைத்து நோக்குவோர் நம்மில் எத்தனை பேர்! கண்ணாடி அணிந்தால் கண் தேறும், கழுத்தும் தேறும். மேஜையில் அமர்வோர் திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக வரும்படி உயர்த்துக. மடிக்கணினியாயின் கீழே நாலைந்து தடித்த புத்தகங்களை வைத்து, விசைப்பலகையைத் தனியே கொள்ளுக. பாதம் தரையில் படியட்டும். தறியாயினும் மேஜையாயினும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து இருபது அடி நடக்க.

"நீர் சொல்வது சரி, ஆனால் எமக்குக் கூலி சேலைக் கணக்கு. எழுந்து நடந்தால் யார் கூலி தருவார்?" என்று நெய்யும் சகோதரர் கேட்பது எமது காதில் விழுகின்றது. அது நியாயமான கேள்வி. வயிற்றை மறந்து முதுகைப் பற்றிப் பேச யாம் வரவில்லை. கணக்கிட்டே பார்ப்போம். நாளொன்றுக்கு இருபது நிமிஷமாயின் வாரம் ஆறு நாளுக்கு இரண்டு மணி. பத்து வாரத்துக்கு இருபது மணி. அஃதாவது தறியில் ஏறக்குறைய இரண்டு நாள் வேலை. குறுக்குப் பிடித்து ஒருமுறை பாயில் படுத்தால் எத்தனை நாள் போகின்றன என்பதை அனுபவித்தவர் இங்கே பலர் இருக்கின்றீர்கள். ஐம்பது வயதில் தறியில் உட்கார இயலாமற் போனால், முன்பணம் வாங்கிய கடன் மட்டும் உட்கார்ந்தே இருக்குமன்றோ? முதுகு நமக்கு முதல்; முதலைத் தின்று பிழைப்பவன் வியாபாரியாகான்.

தாய்மார்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. தார் சுற்றுவதும், தறியில் துணை இருப்பதும், அதன்மேல் அடுக்களையும் நீங்கள் சுமக்கின்றீர்கள். உங்கள் நோவைக் கேட்பார் குறைவு. "வேலை செய்கிறோமே, அதுவே தேகப்பயிற்சி ஆகாதா?" என்பீர்கள். ஒரே விதமாய் ஒரே பக்கம் செய்யும் வேலை தசையைக் களைக்கச் செய்யுமேயன்றிச் சமமாய் வளர்க்காது. ஆகையால் இப்பயிற்சிகள் ஆடவரினும் உங்களுக்கே மிகுதியும் வேண்டும். அந்த இருபது நிமிஷம் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வீட்டு ஆடவர் ஏற்பாராக.

நம் ஊரின் பெருமை ஒன்றைக் கூறி முடிக்கக் கருதுகின்றோம். இச் செவிலிமேட்டில் சாலைக்கிணறு இருப்பதை அறியாதார் இல்லை. உடையவர் இராமாநுஜர் இளமையில் இக்கிணற்றிலிருந்து நாள்தோறும் தீர்த்தம் சுமந்து, வரதராஜப் பெருமாள் கோயிலுக்குக் கொண்டுசென்றார் என்று குருபரம்பரை கூறும். அங்கிருந்து இங்கும், இங்கிருந்து அங்கும் நடந்த தொலைவை எண்ணிப் பாருங்கள். ஒரே நாளில் நூறு குடம் சுமந்தார் என்று யாரும் சொல்லவில்லை. நாள் தவறாது சுமந்தார் என்பதே சிறப்பு. பக்தியில் அவர் காட்டிய நியமத்தை, தேகத்தைப் பேணுவதிலும் நாம் கைக்கொள்ளலாகாதா? ஒரு கோர்வைச் சேலைக்காகப் பதினைந்து இருபது நாள் பொறுக்கின்றோம். நம் தேகத்துக்காகப் பத்து வாரம் பொறுப்போமாக.

சங்கத்துக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்ளுகின்றோம். இம்மண்டபத்தைக் காலையில் அரைமணி நேரம் தேகப்பயிற்சிக்குத் திறந்துவிட வேண்டும். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறையேனும் எலும்பு வைத்தியரையும், பயிற்சி மருத்துவரையும், கண் வைத்தியரையும் அழைத்துத் தறி வீடுகளிலேயே பரிசோதனை நடத்த வேண்டும். படிக்கும் பிள்ளைகளுக்குச் சங்கம் அளிக்கும் பரிசுகளில், எழுதுவதற்கேற்ற உயரமுள்ள மேஜை ஒன்றையும் சேர்க்க வேண்டும்.

பெரியவருடைய பேரனைப் பற்றிச் சொல்லாமல் விட்டோம். அவன் மூன்று மாதமாய்ப் பயிற்சி செய்கின்றான். கழுத்து முழுவதும் தேறிவிடவில்லை, ஆனால் திரும்புகின்றது. சென்ற உற்சவத்தில் அவன் எம் அருகே நின்று சுவாமியை நிமிர்ந்து சேவித்தான். பிறகு எம்மிடம், "பாட்டனாருக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லையே" என்றான். எமக்கு மறுமொழி இல்லை. அக்குறை இனி நம் சங்கத்தின் மேல் நில்லாதிருக்கட்டும்.

எமது பேச்சு நீண்டுவிட்டது. நீங்களும் ஒரு நாழிகைக்குக் குறையாமல் அசையாது அமர்ந்துவிட்டீர்கள்! ஆதலால் கைதட்ட வேண்டா. எல்லீரும் எழுந்து நின்று, தாடையைப் பின்னே ஒடுக்கி, ஐந்து எண்ணுங்கள். இன்று தொடங்கிற்று என்று வைத்துக்கொள்வோம்.